பிடியரிசி இருக்கிறது, மகமை எங்கே?

சரம் பின்னி, திரி வைத்து, பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்திக் கூலி வாங்கும் பெற்றோர், பிள்ளையின் மேற்படிப்புக்கு வேண்டிய பணத்தைத் தங்கள் கையாலேயே சேர்த்து முடிக்க வேண்டும் என்று நம் சமூகம் எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு அநியாயமானது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவிலுள்ள ஆமத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பெற்றோருக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமிக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து சேமிக்க வேண்டிய இரண்டு பேர், தொழிலும் அரசும், தங்கள் பங்கைப் போடவில்லை. இதைக் குறைபாடு என்று மென்மையாகச் சொல்ல மனம் வரவில்லை. குற்றம் என்றே சொல்கிறோம்.

இந்தப் பகுதியில் வாரக் கூலி சனிக்கிழமை மாலை கைக்கு வருகிறது. ஊர்ப்பேச்சில் பயராபீஸ் என்று சொல்லப்படும் பட்டாசு ஆலையிலிருந்து வேன் வந்து இறக்கிவிடும்போது பொழுது சாய்ந்திருக்கும். நகக்கண்ணில் படிந்த அலுமினியத் தூளின் வெள்ளி நிறம் சோப்புப் போட்டாலும் போகாது. அந்நேரம் அஞ்சலகம் சாத்தியிருக்கும். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை அஞ்சலகம் திறப்பதற்கு வெகு நேரம் முன்பே ஆலை வேன் வந்துவிடும். பணம் வீட்டில் தங்கும் ஒன்றரை நாளுக்குள் மளிகைக்கடைப் பாக்கி, மகளிர் குழுக் கடன் தவணை, பள்ளி வேன் கட்டணம், தீபாவளிச் சீட்டு என்று அது பிரிந்துபோகிறது. சீட்டுப் பிடிப்பவர் வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டு போகிறார். அரசின் சேமிப்புத் திட்டம் மட்டும் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தேடிவர வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கூலியும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மூடிக்கிடக்கும். மழை பிடித்தால் காய வைக்க வழியின்றி வேலை நின்றுபோகும். செய்த உருப்படிக்குத்தான் கூலி என்பதால் வேலை நின்றால் அடுப்பும் நிற்கும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. 2020இல் கொரோனா ஊரடங்கு. பள்ளிக் கட்டணமும் கல்லூரிக் கட்டணமும் இந்த மாதங்களுக்கு விடுப்பு கொடுக்கவில்லை. கையில் இல்லாததை நகையை அடகு வைத்தோ, ஆலையில் முன்பணம் வாங்கியோ கட்டினார்கள். முன்பணம் என்பது இன்னும் செய்யாத வேலைக்கான கூலி. அது கழியும்வரை வேறு ஆலைக்குப் போக முடியாது. கூலி உயர்த்திக் கேட்க வாய் வராது. பாதுகாப்பில்லாத அறையில் உட்காரச் சொன்னாலும் மறுக்க முடியாது. நாளைய கூலியை நேற்றே செலவழித்துவிட்ட வீட்டில் பிள்ளையின் பெயரில் போட என்ன மிஞ்சும்?

அப்படியும் சில தாய்மார்கள் மிஞ்ச வைக்கிறார்கள். 2015 ஜனவரியில் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். 2024 தொடக்கத்திலிருந்து அதற்கு 8.2 சதவீத வட்டி தரப்பட்டது. சிறுசேமிப்புத் திட்டங்களில் அதைவிட மேலான வட்டி வேறெதற்கும் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு அதே 2015இல் தமிழக அஞ்சல் துறை பொன்மகன் பொது வைப்பு நிதியைக் கொண்டுவந்தது. மாதம் 250 ரூபாய் வீதம், பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து 15 ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் செல்வமகள் கணக்கில் போட்டால் போட்ட தொகை 45,000 ரூபாய். இதே வட்டி நீடித்தால் மகளுக்கு 18 வயதாகும்போது கணக்கில் சுமார் 1,09,000 ரூபாய் இருக்கும். மேற்படிப்புக்காக அப்போது எடுக்கக்கூடியது அதில் பாதிதான். விடுதிச் செலவோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு தனியார் தொழிற்கல்லூரியில் ஓராண்டைத் தாண்டுவதே கடினம். பதினைந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தது ஒரு வருடப் படிப்புக்கு. திட்டத்தில் குறையில்லை, தாயிடமும் குறையில்லை. சேர்க்கும் கை ஒற்றைக் கையாக இருப்பதுதான் குறை.

ஒற்றைக் கையால் ஆகாது என்பதை நம் நாட்டில் முதலில் கண்டுகொண்ட ஊர்களில் ஒன்று விருதுநகர். அன்றைய விருதுபட்டியில் 1889இல் நாடார் சமூகத்தார் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளிக்குப் பணம் வந்த வழியை இந்த மாவட்டத்தில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். உலை வைக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி தனிக் கலயத்தில் எடுத்து வைக்கப்பட்டது. அதைச் சேகரித்து விற்ற பணம் பள்ளிக்குப் போனது. அதுவே பிடியரிசி. கதையின் மறுபாதியை நாம் இப்போது அதிகம் சொல்வதில்லை. வீட்டுப் பிடியரிசி மட்டும் அந்தப் பள்ளியை நடத்தவில்லை. ஊருக்கு வந்து போன சரக்கின் மீது வணிகர்கள் தங்களுக்குள்ளேயே விதித்துக்கொண்ட மகமையும் சேர்ந்தே நடத்தியது. இத்தனை மூட்டைக்கு இவ்வளவு என்று தொழில் தன் பங்கை எடுத்து வைத்தது. ஆதாயம் வந்த ஆண்டும் மகமை உண்டு, மந்தமான ஆண்டும் உண்டு. வீட்டின் பிடியும் தொழிலின் மகமையும் ஒரே பானையில் விழுந்தன; பிள்ளைகள் கட்டணமின்றிப் படித்தார்கள். அந்தப் பள்ளியில் படித்து, வீட்டு நிலையால் இளம் வயதிலேயே படிப்பை நிறுத்திய ஒரு சிறுவன்தான் பிற்காலத்தில் முதலமைச்சராகி மாநிலம் முழுவதும் பள்ளிகளைத் திறந்து 1956இல் மதிய உணவையும் கொடுத்தார். காமராசரின் பெயரைச் சொல்லாத மேடை இந்த மாவட்டத்தில் இல்லை. அவரை வளர்த்த ஏற்பாட்டைத் தொடர்ந்தோமா என்று மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிவகாசித் தொழில் கல்விக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த இருவரில் ஒருவரான அய்ய நாடாரின் பெயரில் 1963இல் கல்லூரி வந்தது. 1968இல் வந்த மகளிர் கல்லூரியின் பெயரிலேயே ஒரு பட்டாசு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பட்டாசுக்கு வேண்டிய அலுமினியத் தூளைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பொறியியல் கல்லூரி 1984இல் தொடங்கியது. ஆமத்தூரிலேயே இன்று ஒரு பொறியியல் கல்லூரி நிற்கிறது. இந்த வறண்ட கரிசல் சீமையில் இவ்வளவு கல்லூரிகள் எழும்பியது சாதனை. அந்தக் கட்டடங்களில் மருந்து தொட்ட கைகளின் உழைப்பும் இருக்கிறது. ஆனால் கல்லூரியைக் கட்டுவது ஒன்று, அந்த வாசலுக்குள் தொழிலாளியின் பிள்ளை உரிமையோடு நுழைய வழி செய்வது வேறொன்று. முன்னதைத் தொழில் செய்தது. பின்னதை அவரவர் தாய் தகப்பனின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டது. ஒரு சில முதலாளிகள் தங்கள் ஆலையில் வேலை செய்பவரின் பிள்ளைக்குக் கட்டணம் கட்டி உதவுவதும் உண்டு; அவர்களை வாழ்த்துகிறோம். ஆனால் முதலாளியின் மனசு இளகும்போது கிடைப்பதை நம்பிப் பதினைந்து வருடப் படிப்பைத் திட்டமிட முடியாது.

பிள்ளையின் கல்விக்குத் தொழில் கடன்பட்டிருக்கிறது என்பது புதிதாக நாம் எழுப்பும் வாதமும் அல்ல. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தத் தொகையின் வருவாய் பிள்ளைக்குப் பயன்பட வேண்டும், பிள்ளை படிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. கவனித்துப் படித்தால் அதிலும் அதே பழைய ஏற்பாடுதான் தெரிகிறது: தொழில் ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு, பிள்ளையின் பெயரில் ஒரு நிதி. அது தவறு செய்தவருக்கு விதித்த தண்டனையாக வந்தது. தவறு செய்யாதவர் தாமாக முன்வந்து ஏற்றிருக்க வேண்டிய கடமை அது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியும் ஏற்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2024 நவம்பரில் விருதுநகர் மாவட்டத்துக்குக் கள ஆய்வுக்கு வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் செய்த அறிவிப்பைப் பார்க்க வேண்டும். பட்டாசு ஆலை விபத்தில் இறக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி உட்பட எல்லாக் கல்விச் செலவையும் அரசே ஏற்கும் என்றார். மாவட்ட அளவில் தனி நிதி, முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் என்றார். நல்ல அறிவிப்பு, வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் குறைந்தது 38 பேர் கருகிச் செத்தபோதே வந்திருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதாவது வந்திருக்க வேண்டும். 2024 மே 9 அன்று செங்கமலப்பட்டியில் பத்துப் பேர் இறந்தது வரை காத்திருந்தோம்.

அந்த அறிவிப்பை முழு மனதோடு வரவேற்கிறோம். வரவேற்றுவிட்டு, அது நம் முன் வைக்கும் கேள்வியையும் கேட்கிறோம். தாய் செத்தால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை அரசு கட்டும். தாய் உயிரோடு அதே அறையில், அதே மருந்தோடு உட்கார்ந்திருந்தால் அவளே கட்டிக்கொள்ள வேண்டும். இது எந்த ஊர் நியாயம்? மரணம் நேர்ந்த பிறகு ஒப்புக்கொள்ளப்படும் பொறுப்பு, அந்த மரணத்தின் ஆபத்தைத் தினமும் சுமப்பவள் விஷயத்தில் ஏன் ஒப்புக்கொள்ளப்படவில்லை? பெற்றவளின் உயிரைவிட அவள் சாவுக்குப் பிள்ளையின் படிப்பில் அதிக மதிப்பு இருக்குமாறு ஒரு ஏற்பாட்டை நாகரிகமுள்ள எந்த அரசும் நீடிக்க விடக் கூடாது.

ஆபத்துக்கும் கட்டணத்துக்கும் உள்ள தொடர்பும் கண்ணுக்குத் தெரியாததல்ல. கல்விக் கட்டணம் கட்ட வேண்டியது ஜூனில். அதற்கு முந்தைய சித்திரை, வைகாசி மாதங்கள் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். மருந்தோடு வேலை செய்ய மிக நிதானம் வேண்டிய மாதங்கள். அப்போதுதான் வீட்டில் பணத் தேவை கழுத்தை நெரிக்கிறது. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர் பிள்ளையின் கட்டணத்தை நினைத்துக் கையை விரைவாக ஓட்டத்தான் செய்வார். உரிமம் பெற்றவர் ஒருவராகவும் ஆலையை நடத்துகிறவர் வேறொருவராகவும் இருக்கும் உள்குத்தகை அறைகளில், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்து ஓட்டும் அவசரத்தில், இந்தக் கட்டணத்தின் அழுத்தமும் சேர்ந்தே இருக்கிறது. விடுமுறையில் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பிள்ளைகளே ஆலைக்குப் போவதும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பிள்ளையின் படிப்புக்கு ஒரு நிதி உறுதியாக இருக்குமானால், அது பாதுகாப்பு ஏற்பாடும் ஆகும்.

ஆகவே செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறோம். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் ஒவ்வொருவரின் பிள்ளைக்கும், பிறந்ததிலிருந்தோ பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்தோ, ஒரு கல்விக் கணக்கு தொடங்கப்பட வேண்டும். பெற்றோர் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடாகத் தொழில் ஒரு ரூபாயும் அரசு ஒரு ரூபாயும் போட வேண்டும். மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: தாயின் 250 ரூபாய் மாதம் 750 ஆனால், அதே வட்டியில் பிள்ளைக்கு 18 வயதாகும்போது சுமார் 3,25,000 ரூபாய் இருக்கும். ஓராண்டுப் படிப்பு முழுப் படிப்பாகும். கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆலையின் பெயரில் அல்ல. தாய் ஆலை மாறினாலும் கணக்கு தொடர வேண்டும். முன்பணக் கடனுக்கு ஈடாக யாரும் அதைத் தொடக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து குழாய் உருட்டுகிறவரும், பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவரும் அதில் சேர வேண்டும். சனிக்கிழமை மாலை ஆலை வாசலிலேயே பணம் பெற ஆள் இருக்க வேண்டும். சிறுசேமிப்புக்கு மகளிர் முகவர்களை அரசு நெடுங்காலமாக வைத்திருக்கிறது. அவர்களைச் சம்பள நாளில் ஆலை வாசலுக்கு அனுப்பினால் போதும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். வழி ஏற்கெனவே இருக்கிறது. கட்டடத் தொழிலாளர் நலனுக்காக, 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த முறைப்படி, கட்டுமானச் செலவில் ஒரு பங்கு வசூலிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அது 1 சதவீதம். அதிலிருந்து அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி போகிறது. பக்கத்துத் தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகளுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பீடி மீது வசூலித்த தொகையிலிருந்து உதவித்தொகை கிடைத்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த வசூல் நிறுத்தப்பட்டது, உதவித்தொகைத் திட்டம் நீடித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அமைப்புசாராத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வித் திட்டம் வகுப்பதை மாநில அரசுகளின் பொறுப்பாக வைத்திருக்கிறது. முதலாளிகளிடம் பங்களிப்புப் பெறவும் இடம் தருகிறது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளருக்கென்றே மாநிலத்தில் நல வாரியம் இருக்கிறது. சட்டமும் வாரியமும் இருக்கும்போது இல்லாதது மனம் மட்டுமே.

2024 தீபாவளிக்கு ஏறக்குறைய 6,000 கோடி ரூபாய்க்குப் பட்டாசு விற்றதாகத் தொழில் துறையினரே சொன்னார்கள். அதில் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 60 கோடி. பட்டாசுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி விதித்து மத்திய, மாநில அரசுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அரசின் பங்கு அதிலிருந்து வரலாம். தொழில் நெருக்கடியில் இருக்கிறது, நீதிமன்றக் கட்டுப்பாடுகள், மூலப்பொருள் விலை, வட மாநிலத் தடைகள் எல்லாம் சேர்ந்து அழுத்துகின்றன என்று ஆலை அதிபர்கள் சொல்வார்கள். அது பொய்யல்ல. ஆனால் அந்த நெருக்கடியின் முதல் அடி யார் மேல் விழுகிறது? ஆலை மூடினால் முதலாளியின் பிள்ளை படிப்பு நிற்பதில்லை. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் கூட்டி விற்றால் வாங்குகிறவர் வெடியை வேண்டாமென்று வைத்துவிட்டுப் போகப் போவதில்லை. ஐந்து நிமிட வெளிச்சத்துக்குப் பணம் கொடுக்கிறவர், அதைச் செய்த கையின் பிள்ளைக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுப்பதில் குறைந்து போகமாட்டார். விருதுபட்டி வணிகர்கள் மகமை எடுத்து வைத்தது வளம் கொழித்த காலத்தில் அல்ல. பஞ்சமும் கொள்ளை நோயும் அலைக்கழித்த காலத்தில்.

பெற்றோரிடமும் பேச வேண்டியதை மறைக்காமல் பேசுகிறோம். அவர்கள் பக்கம் நிற்கும் உரிமையோடு பேசுகிறோம். மூன்று வயதிலேயே தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, அந்தக் கட்டணத்துக்கும் வேனுக்கும் சீருடைக்கும் வருடக்கணக்கில் கடன் வாங்குவதால், கல்லூரிக்குச் சேர்த்திருக்கக்கூடிய பணம் கரைந்து போகிறது. இன்னொன்றும் போகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பிலும் 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் தொழிற்படிப்புக்குப் போகும் பிள்ளையின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவனுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. முழு வாழ்நாள் சேமித்தாலும் எட்டாத தொகைகள் இவை. பலகையில் இங்கிலீஷ் மீடியம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கி இவற்றைக் கைவிடுவது பிள்ளைக்குச் செய்யும் நன்மை ஆகாது. பொதுத் தேர்வில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதல் இடத்தைப் பிடித்த மாவட்டம் இது. அந்தப் பெயரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கும் உண்டு.

மகளின் பெயரில் போட்ட பணத்தைக் கல்யாணச் செலவு என்று ஒதுக்கி வைப்பதும் தவறு. அது அவள் படிப்புக்கான பணம்; படித்த பிறகு மிஞ்சினால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். தாய் சனிக்கிழமை எடுத்து வைத்ததைத் தகப்பன் டாஸ்மாக் கடையில் கொண்டு போய்க் கொடுப்பது பிள்ளையிடமிருந்து திருடுவது. அதற்கு வேறு பெயர் கிடையாது. பள்ளி விடுமுறை என்று பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை ஆலைக்கு அனுப்புவதும், வீட்டில் மருந்து வேலை வாங்குவதும் சட்டப்படி குற்றம் மட்டுமல்ல, எதற்காகச் சேமிக்கிறோமோ அதையே பறிகொடுக்கும் செயல். பதிவு பெறாத சீட்டில், இரட்டை வட்டி ஆசையில் படிப்புப் பணத்தைப் போடாதீர்கள். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரின் முன் அனுமதி இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. அனுமதியைக் காட்டு என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஆனால் ஏமாந்தவரைத் திட்டிவிட்டு ஏமாற்றியவரை விட்டுவிடும் வழக்கத்தை நாம் ஏற்கவில்லை. கூலிக்காரரின் கல்விச் சேமிப்பை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுவது பொருளாதாரக் குற்றங்களிலேயே கீழ்த்தரமானது. வைப்பீட்டாளர் நலன் காக்க 1997இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சொத்தை முடக்குவதோடு வேலை முடிந்ததாக அதிகாரிகள் நினைக்கக் கூடாது. பிள்ளை கல்லூரியைத் தாண்டி, அவனுக்கே பிள்ளை பிறந்த பிறகு வந்து சேரும் பணத்தால் யாருக்கு லாபம்?

அரசுக்கும் ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியை நம்புங்கள் என்று பெற்றோரைக் கேட்கும் உரிமை, ஒவ்வொரு வகுப்புக்கும் ஆசிரியரை நியமிக்கும் அரசுக்கே உண்டு. காலிப் பணியிடங்களும், ஒருவரே மூன்று வகுப்பைப் பார்க்கும் பள்ளிகளும் இருக்கும்வரை பெற்றோர் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குத்தான் ஓடுவார்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009இல் சட்டம் வந்தது. கட்டணக் குழு இருக்கிறது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் புத்தகம், சீருடை, சிறப்பு வகுப்பு என்று வாங்குவதைக் கட்டுப்படுத்தாத சட்டம் ஏழைக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். பெற்றோரின் சேமிப்பு கரையும் ஓட்டைகளை அடைப்பதும் கல்வி நிதி கொடுப்பதற்கு ஈடான கடமை.

எங்கள் தீர்ப்பு இது. பிள்ளையின் படிப்புக்காகச் சேமிக்கும் பட்டாசுத் தொழிலாளி தன் கடமையைச் செய்துவிட்டார். கூலியில் பிழிந்து எடுக்கும் ஒவ்வொரு 250 ரூபாயும் அதற்குச் சாட்சி. அவர் உழைப்பில் வளர்ந்த தொழில் தன் பங்கைக் கட்டவில்லை. அவர் செய்த சரக்கில் வரி எடுத்த அரசு அவர் இறந்தால் மட்டுமே முழுதாக உதவ முன்வந்திருக்கிறது. இரண்டுமே மன்னிக்கத்தக்கவை அல்ல, ஆனால் இரண்டுமே திருத்தத்தக்கவை. மாவட்ட நிர்வாகமும் நல வாரியமும் ஆலை அதிபர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும் முன் கல்விக் கணக்கின் முதல் தவணையைப் போட வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கும் இந்த மாவட்டத்தில், இறந்தவரின் பிள்ளைக்குத் திறந்த கஜானா உயிரோடிருப்பவரின் பிள்ளைக்கும் திறக்க வேண்டும். அதற்கு மறுப்புச் சொல்லும் முதலாளியும் அதிகாரியும், அந்த மறுப்பைத் தொழிலாளியின் பிள்ளையை எதிரே நிறுத்தி வைத்து நேருக்கு நேர் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.